மனுச உருவம் இல்லாத மான்ஸ்டர் மினியேச்சர்: கோலாலம்பூர்ல எங்க தேடுறது, எப்படி தேடுறது

ஷாப்பி ஆன்லைன் கடையில போய் மான்ஸ்டர் மினியேச்சர்னு அடிச்சி பாருங்க, கேம் மேசையில வைக்கிற குட்டி உருவத்ததான் சொல்றேன். வரிசையா வரும், ஓர்க், கோப்லின், எலும்புக்கூடு, ட்ரோல், கொம்பு வச்ச பேய், எல்லாத்துக்கும் ரெண்டு கை ரெண்டு கால் ஒரு தல, கைல கத்தி இல்லனா கோடாலி. உங்களுக்கு வேண்டியது சுவத்துல ஊர்ற பூச்சியோ, வழியில கெடக்குற ஜெல்லியோ, வாய் மட்டுமே இருக்கிற புழுவோ, அது மட்டும் வராது. புதுசா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதான் மேசைய சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி கதை சொல்லி ஆடுற கேம், அத நடத்த ஆரம்பிச்ச பசங்க எங்கிட்ட கேக்குற மொத கேள்வியே இதுதான், "அண்ணே, இந்த சாமானெல்லாம் எங்கண்ணே வாங்குறீங்க?" ஒவ்வொருத்தனுக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டு போட்டு அலுத்துப்போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதிடுறேன்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடுறேன், மீதி எல்லாம் இதுலருந்துதான் வருது. மனுச உருவ மினியேச்சர்னா அளவு ரொம்ப முக்கியம், 28 மில்லிமீட்டர் ஆளு பக்கத்துல 40 மில்லிமீட்டர் ஆளு நின்னா அப்பனும் புள்ளையும் மாதிரி இருக்கும், யாரு பாத்தாலும் தெரிஞ்சிடும். பூரானுக்கு அந்த தொல்லையே இல்ல. ராட்சச பூரான் எவ்ளோ நீளம்னு யாரு அளந்து பாத்தா? கடல்ல கெடக்குற சோத்தோங் (கணவாய்) பொம்மைய தூக்கி மேசையில வச்சா அது பாட்டுக்கு கிராக்கன்ங்கிற கடல் ராட்சசன் ஆயிடும். அதனால மினியேச்சர்னு பேர் போட்டு விக்கிறத மட்டும்தான் வாங்கணும்னு ஒண்ணும் இல்ல, பேர வச்சி தேடாதீங்க, உருவத்தையும் அது நிக்கிற எடத்தோட அளவையும் வச்சி தேடுங்க.

இது ஏதோ நம்ம கையில காசு இல்லாததால புடிச்ச குறுக்கு வழின்னு நெனச்சிடாதீங்க, இந்த கேம் பொறந்ததே அப்படித்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974-ல, அத உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரான கேரி கைகேக்ஸ் அந்த காலத்துல மலிவு கடையில ஹாங்காங்ல செஞ்ச பிளாஸ்டிக் பொம்மை ஒரு பை வாங்கிட்டு வந்தாரு, பை மேல ஏதோ ஆதிகால மிருகம்னு போட்டிருக்கு ஆனா உள்ள இருந்தது எந்த டைனோசரும் இல்ல, ஒண்ணுக்கு முதுகுல ஓடு, ஒண்ணுக்கு வால் நுனியில துடுப்பு மாதிரி ஏதோ. அத மேசையில வச்சி விளையாடி விளையாடித்தான் இரும்ப திங்கிற ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தை தல கரடியான ஔல்பேர், மண்ண தோண்டிக்கிட்டு வர்ற புலெட் மூணும் வந்துச்சு. மொத ரெண்டும் 1975-ல வந்த கிரேஹாக்ங்கிற கூடுதல் ரூல் புக்ல அச்சாச்சு, புலெட் 1976-ல டிராகன் பத்திரிகையோட மொத இதழ்ல. இன்னிக்கு ரஸ்ட் மான்ஸ்டர்னு அழகா சிற்பம் செஞ்சி பெட்டியில போட்டு விக்கிறாங்களே, அதோட தாத்தா ஒரு மலிவு பொம்மை.

சரி, வேலைக்கு வருவோம்.

மொத வேலை, லிஸ்ட் போடுறது

கடைக்கு போறதுக்கு முன்னாடி உங்க கதையில அடுத்த நாலஞ்சு செஷன்ல என்னென்ன வரப்போகுதுன்னு மட்டும் எழுதுங்க. மான்ஸ்டர் மேனுவல், அதான் எல்லா மான்ஸ்டரும் இருக்கிற ரூல் புக், அதுல இருக்கிற மொத்தத்தையும் வாங்கிடலாம்னு கெளம்பாதீங்க, நான் கெளம்புனேன், இன்னும் பெயிண்ட் அடிக்காத ஒரு டிராயர் இருக்கு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல சைஸ் எழுதுங்க. ரூல் புக்ல ஒரு கட்டம் அஞ்சு அடி, மேசையில அது ஒரு இஞ்சு. மீடியம்னா ஒரு இஞ்சு அடித்தட்டு (உருவம் நிக்கிற தட்டு), லார்ஜ்னா ரெண்டு இஞ்சு, ஹியூஜ்னா மூணு, கார்கன்சுவான்னா நாலு இஞ்சும் அதுக்கு மேலயும். மில்லிமீட்டர்ல சுமாரா 25, 50, 75, 100னு ஞாபகம் வச்சிக்குங்க. கடையில ஸ்கேல் இல்லனா பாக்கெட்ல இருக்கிற அம்பது காச எடுத்து வச்சி பாருங்க, இப்ப பொழக்கத்துல இருக்கிற தங்க கலர் காசு ஒரு இஞ்சுக்கு கொஞ்சம் கம்மி. பழைய சிடி இருந்தா அது 12 சென்டிமீட்டர், கார்கன்சுவானுக்கு அப்படியே அடித்தட்டா ஆகும்.

இந்த லிஸ்ட்ட பாத்தா ஒண்ணு புரியும், மனுச உருவம் இல்லாததுல நெறைய லார்ஜ். ஓட்யூக் (குப்பையில கெடக்குற பெரிய வாய்), ரோப்பர் (பாற மாதிரி நின்னு கயிறு வீசுறது), ஜெலட்டினஸ் கியூப் (சதுர ஜெல்லி), ராட்சச சிலந்தி, ராட்சச தேள், கேரியன் கிராலர் (பொணம் திங்கிற புழு), ஔல்பேர் எல்லாம் லார்ஜ்தான். அப்ப உங்களுக்கு வேண்டியது உள்ளங்கையில அடங்குற சைஸ், அஞ்சு சென்டிமீட்டர் வட்டத்துல உக்காரணும், கால் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா பரவால்ல. அந்த சைஸ்ல உலகத்துல அதிகமா செய்யிற சாமான் என்ன? சின்ன புள்ளைங்க பொம்மை.

பொம்மை கடை வேட்டை

மால்ல இருக்கிற பெரிய பொம்மை கடையில ஷ்லைக், பாப்போ, சஃபாரி, கலெக்டா மாதிரி பிராண்ட் மிருக பொம்மைங்க இருக்கும், தரம் நல்லா இருக்கும், வெலையும் அதுக்கு ஏத்த மாதிரி. அதுல சஃபாரி டியூப்ல போட்டு விக்கிற சின்ன சைஸ் செட்டு நமக்கு ரொம்ப ஒத்துவரும், கடல் பிராணி ஒரு டியூப், பூச்சி ஒரு டியூப்னு, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு இஞ்சு. ஆனா நான் அதிகமா வாங்குறது மலிவு கடையில. தாமானுக்கு தாமான் (குடியிருப்பு) இருக்கிற ரெண்டு மூணு வெள்ளி (ரிங்கிட்) கடை, பாசார் மாலாம்ங்கிற ராத்திரி சந்தை, தைப்பூசத்துக்கு பத்துமலை அடிவாரத்துல வரிசையா போடுற பொம்மை கடை. புதன் ராத்திரி செராஸ்ல தாமான் கோனாட் பாசார் மாலாம் கிலோமீட்டர் கணக்குல நீளும், சாப்பாட்டு கடைய தாண்டி பொறுமையா நடக்குறவங்களுக்கு ஏதாவது ஒண்ணு மாட்டும், நான் ஒரு தடவ ஒரே பையில நாலு தேள், நாலு பூரான், ரெண்டு பல்லி, என்னன்னே தெரியாத ரெண்டுன்னு வாங்குனேன். அந்த என்னன்னே தெரியாததுதான் முக்கியம், அத வுடாதீங்க.

சனி ஞாயிறு காலையில பெட்டாலிங் ஜெயாவுல அம்கோர்ப் மால் பழைய சாமான் சந்தை இருக்கே, அங்கயும் ஒரு சுத்து போங்க. எல்ஆர்டி ரயில்ல கெளனா ஜெயா லைன் புடிச்சி தாமான் ஜெயா ஸ்டேஷன்ல எறங்குனா பக்கத்துலயே. பழைய பொம்மைய டப்பால கொட்டி வச்சிருப்பாங்க, அதுல கைய வுட்டு தொழாவுறதுக்கு கூச்சப்படக்கூடாது. ஒரு சீன அங்கிள் கடையில நான் டப்பாவ கவுத்து காலில்லாத நண்டா பாத்து பாத்து எடுத்துக்கிட்டு இருந்தேன், அவரு ரொம்ப நேரம் பாத்துட்டு, "பாஸ், இது ஒடஞ்சது, நல்லது அந்த பக்கம் இருக்கு"ன்னு மலாய்ல சொன்னாரு. நான் ஒடஞ்சதுதான் வேணும்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு மொத்தமா அஞ்சு வெள்ளிக்கு குடுத்துட்டாரு. ஒடஞ்ச நண்டோட ஓடு ஒண்ணு, பல்லி வாய் ஒண்ணு, சோத்தோங் கால் நாலு, மூணையும் ஒட்டுனா ஓட்யூக் மாதிரி ஒண்ணு வந்துடும்.

எத எடுக்கலாம் எத எடுக்கக்கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு. நமக்கு பழக்கமான மிருகம்னா உடனே பொம்மைன்னு தெரிஞ்சிடும், மாடு, குதிரை, சிங்கம், நாய், இதெல்லாம் எவ்ளோ ஒசரம்னு நம்ம கண்ணுக்கு தெரியும். பழக்கமில்லாதது தப்பிச்சிடும், சிலந்தி, பூரான், அட்டை, ஜெல்லிமீன், ஆக்டபஸ், கம்பளிப்பூச்சி, ஆழ்கடல் மீன். அடுத்து கண்ண பாருங்க. பெரிய கார்ட்டூன் கண்ணு வரைஞ்சிருந்தா பெயிண்ட் அடிச்சி மறைக்கலாம், ஆனா கண்ணே உருண்டையா புடைச்சிக்கிட்டு சிரிக்கிற மொகமா இருந்தா வேணாம், அது கடைசி வரைக்கும் சிரிச்சிக்கிட்டேதான் இருக்கும். வயித்த திருப்பி பாருங்க, சைனான்னு பெரிய எழுத்துல அச்சு இருக்கும், அடித்தட்டுல ஒட்டுனா மறஞ்சிடும், ஆனா சில பொம்மைக்கு முதுகுலயே போட்டிருப்பாங்க, அதுக்கு கத்தியால சீவணும் இல்லனா புட்டி வச்சி பூசணும். ரெண்டு பாதிய ஒட்டுன கோடு ஒடம்பு முழுக்க ஓடுனா அதையும் வுட்டுடுங்க, சீவி மாளாது.

நம்ம ஊரு சரக்கு ஒண்ணும் இருக்கு, யாளி. கோயில் தூண்ல பாத்திருப்பீங்க, சிங்க ஒடம்பு, யானை தும்பிக்க, கோரப்பல்லு. எந்த கம்பெனியும் அத செய்யிறதா எனக்கு தெரியல, ஆனா மலிவு சிங்க பொம்மை ஒண்ணு, மில்லிபுட் (ரெண்டு களிய சேத்து பெசஞ்சா எறுகிக்கிற புட்டி) கொஞ்சம், ஒரு ராத்திரி, செஞ்சிடலாம். தும்பிக்கைக்கு உள்ள ஒரு கம்பி வச்சி அதுமேல மில்லிபுட்ட சுத்துங்க, வெறும் மில்லிபுட்ல செஞ்சா காஞ்சதும் கீழ விழுந்து ஒடஞ்சிடும். சிங்கம் பழக்கமான மிருகமாச்சே, பொம்மைன்னு தெரியாதான்னு கேப்பீங்க, தும்பிக்கையும் பல்லும் வந்ததும் யாரும் சிங்கத்த பாக்க மாட்டாங்க. என் டேபிள்ல எல்லாரும் நின்னு பாக்குறது அதத்தான், முன்னூறு வெள்ளி டிராகன் பக்கத்துலயே உக்காந்திருக்கு, பாவம்.

பெயிண்ட் அடிக்கிறதுல நான் மாட்டிக்கிட்டது

பொம்மை வாங்கியாச்சு, உடனே ஸ்ப்ரே எடுக்காதீங்க. மெத்து மெத்துன்னு இருக்கிற பொம்மை எல்லாம் பிவிசி, அது வளையறதுக்காக உள்ள எண்ணெ மாதிரி ஒரு சாமான் கலந்திருப்பாங்க. ஸ்ப்ரே பிரைமர்ல (பெயிண்ட் ஒட்டுறதுக்காக மொதல்ல அடிக்கிற அடிப்பூச்சு) இருக்கிற ரசாயனமும் அதுவும் சேந்தா பெயிண்ட் காயவே காயாது, பிசுபிசுன்னு அப்படியே நிக்கும். என் மொத பூரான் அப்படித்தான், கறுப்பு ஸ்ப்ரே அடிச்சி பால்கனியில வச்சேன், ரெண்டு மாசம் ஆகியும் தொட்டா கையில ஒட்டுச்சு, அதுக்குள்ள வீட்ல இருக்கிற பூன முடி, தூசி, ஒரு செத்த கொசு எல்லாம் ஒட்டி ஒரு மாதிரி உண்மையான பூரானா மாறிடுச்சு. கடைசியில குப்பையிலதான் போட்டேன்.

சரியான வழி இப்படி. பாத்திரம் கழுவுற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத்பிரஷ், நல்லா தேச்சி கழுவி ஒரு நாள் காய வுடுங்க, அச்சுல இருந்து வந்த எண்ணெ போயிடும். அப்புறம் தண்ணியில கரையிற அக்ரிலிக் பிரைமர பிரஷ்ல பூசுங்க, வல்லேயோ சர்ஃபேஸ் பிரைமர் இருந்தா அது, இல்லனா ஓவியம் வரையிறவங்க யூஸ் பண்ற ஜெஸ்ஸோ போதும், ஆர்ட் சாமான் விக்கிற எந்த கடையிலயும் கெடைக்கும். மொதல்ல வயித்து பக்கம் கொஞ்சம் பூசி ஒரு ராத்திரி வச்சி பாருங்க, நகத்தால சொரண்டுனா உரிஞ்சி வரலனா மேல ஏறலாம். கெட்டி பிளாஸ்டிக், இல்ல ரெசின்ங்கிற எறுகுன பிசின்ல செஞ்சதுன்னா ஸ்ப்ரே தாராளமா அடிக்கலாம், புக்கிட் பிந்தாங் பக்கம் சுங்கை வாங், டைம்ஸ் ஸ்குவேர்னு குண்டம் ரோபோ மாடல் விக்கிற கடைங்கள்ல தமியா, மிஸ்டர் ஹாபி பிரைமர் கெடைக்கும். ஆனா நம்ம ஊரு காத்து ஈரம், சாயங்காலம் மழ வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு இருக்கும்போது ஸ்ப்ரே அடிச்சா மேல வெள்ளையா பூத்துப்போய் மாவு தூவுன மாதிரி ஆயிடும். வெயில் நல்லா ஏறுன அப்புறம், ஒரு பத்து பதினோரு மணிக்கு, மழ நாளா இல்லாம பாத்து அடிங்க.

கலர் பத்தி நீட்டி சொல்ல மாட்டேன். இருட்டு கலர் அடி, அதுமேல வாஷ் (பள்ளத்துல தேங்குற தண்ணி கலர்), காஞ்சதும் வெளுத்த கலர்ல டிரை பிரஷ் (கலர தொடச்ச பிரஷ்ஷால மேட்டுல மட்டும் லேசா தேய்க்கிறது). பூச்சிக்கும் ஓட்டுக்கும் இது மூணே போதும், மனுச மொகம் வரையிற கஷ்டம் எதுவும் இல்ல, புதுசா பெயிண்ட் அடிக்க கத்துக்கிறவங்க மான்ஸ்டர்லருந்து ஆரம்பிக்கிறது நல்லதுன்னு நான் சொல்றது அதனாலதான்.

ஜெல்லியும் கூழும் வாங்காதீங்க, ஊத்துங்க

ஊஸ், அதான் ஜெல்லி மாதிரி ஊர்ற மான்ஸ்டர், அந்த வகைய காசு குடுத்து வாங்குறது எனக்கு மனசே வராது. ஹாட் குளூ கன் ஒண்ணு எடுங்க, கேக் சுடுற பேக்கிங் பேப்பர மேசையில விரிங்க, பேப்பருக்கு அடியில பேனாவால அஞ்சு சென்டிமீட்டர் வட்டம் வரைஞ்சி வைங்க, மேல தெரியும். வட்டத்துக்குள்ள பசைய சுத்தி சுத்தி ஊத்துங்க, ஓரம் நேரா இல்லாம அங்கங்க நாக்கு நீட்டுன மாதிரி வுடுங்க, நடுவுல மேடு வர ரெண்டாவது அடுக்கு, அது சூடா இருக்கும்போதே மினியேச்சர் எலும்பு, சின்ன மண்டையோடு, ஒடஞ்ச வாள் ஏதாவது இருந்தா பாதி முங்குற மாதிரி அழுத்துங்க. ஆறுனதும் பேப்பர்லருந்து அப்படியே உரிஞ்சி வரும். மேல பச்ச வாஷ் பூசுனா கீழ தேங்கி பள்ளத்துல இருட்டா நிக்கும், பாக்க சளி மாதிரி இருக்கும், அதுதான் வேணும். கறுப்பு பூசி கிளாஸ் வார்னிஷ் அடிச்சா பிளாக் புட்டிங். சாம்பல் கலர்னா கிரே ஊஸ், அது மீடியம், அதனால வட்டத்த ஒரு இஞ்சா வரைங்க. நுனி சூடா இருக்கும், வெரல பாத்துக்குங்க, பசை கம்பி மாதிரி நூல் நூலா இழுக்கும், அதையும் வெட்டாதீங்க, சிலந்தி வலைக்கு ஆகும்.

ஜெலட்டினஸ் கியூபுக்கு அதவிட சுலபம். அது பத்தடி கன சதுரம், அதாவது மேசையில ரெண்டு இஞ்சு. ஸ்டேஷனரி கடையில, மலிவு கடையில அஞ்சு சென்டிமீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டப்பா கெடைக்கும், மூடி தனியா இருக்கிறதா பாத்து வாங்குங்க. மூடிய தூக்கி போட்டுட்டு டப்பாவ கவுத்து வைங்க, அவ்ளோதான் மான்ஸ்டர். ஏன் கவுத்துன்னா, அது ஒரு ஆள முழுங்கும்போது டப்பாவ தூக்கி அந்த ஆளோட மினியேச்சர் மேலயே வச்சிடலாம், உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறது வெளிய தெரியும். எங்க டேபிள்ல மொத தடவ இத செஞ்சப்போ அந்த பையன் டைஸ கீழ வச்சிட்டு, "டேய், என்ன வெளிய எடுங்கடா"ன்னு கத்துனான். கடையில விக்கிற கியூப் அழகா இருக்கும், உள்ள எலும்பெல்லாம் செஞ்சிருப்பாங்க, ஆனா எதுக்கும் மேல வைக்க முடியுமான்னு பாத்துட்டு வாங்குங்க.

எப்ப காசு குடுத்து நிஜ மினியேச்சர் வாங்கணும்

எல்லாத்தையும் பொம்மையில சமாளிக்க முடியாது. ஒரு பெரிய கண்ணும் தலையில பத்து குட்டி கண்ணுமா மெதக்குற பிஹோல்டர், தோள்லருந்து ஆக்டபஸ் மாதிரி கை நீட்டுற டிஸ்பிளேசர் பீஸ்ட், இதுக்கெல்லாம் உருவம்தான் அடையாளம், ஏமாத்த முடியாது. அதுக்கு விஸ்கிட்ஸ் கம்பெனி நோல்சர்ஸ் வரிசை பாருங்க, பெயிண்ட் அடிக்காம, பிரைமர் மட்டும் பூசி வரும், பிரிச்சதும் நேரா பெயிண்ட்ட எடுக்கலாம். பெயிண்ட் அடிக்க பொறுமையே இல்லனா அதே கம்பெனியோட ஐகான்ஸ் ஆஃப் த ரெல்ம்ஸ் வரிசை, பெயிண்ட் அடிச்சே வரும், ஆனா பூஸ்டர் பெட்டியில என்ன இருக்குன்னு தொறந்தாத்தான் தெரியும், நாலு உருவத்துல உங்களுக்கு வேண்டியது ஒண்ணு கூட இல்லாம போகலாம். சூதாடாதீங்க, வேற யாரோ பிரிச்சிட்டு வேண்டாததா தனித்தனியா விப்பாங்க, அத வாங்குங்க. கரோசல்ங்கிற ஆப்ல பழசும் வரும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ வெளியிடுற விசார்ட்ஸ் கம்பெனியே 2003-லருந்து 2011 வரைக்கும் பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக் மினியேச்சர் வித்தாங்க, அத சேத்து வச்சவங்க இப்ப கல்யாணம் ஆகி எடம் இல்லாம விக்கிறாங்க, டப்பாவோட மொத்தமா கேளுங்க.

ரீப்பர் கம்பெனியோட போன்ஸ் மினியேச்சர் வரிசை வெளிநாட்டு சாமான், டெக்சஸ்லருந்து வருது, வகை எக்கச்சக்கம், புழு, காளான், கல்லு, மரம், கண்ணு எல்லாம் இருக்கு. அந்த பழைய வெள்ள போன்ஸ் மெத்துன்னு இருக்கும், அதனால மேல சொன்ன ஸ்ப்ரே பிரச்சன அதுக்கும் உண்டு, பிரஷ்ல பூசுறதே நல்லது. பெட்டியில நசுங்கி கால் வளஞ்சி வந்தா பயப்படாதீங்க, கொதிச்ச தண்ணியில ஒரு நிமிசம் முக்கி, நேரா பண்ணி, அப்படியே ஐஸ் தண்ணியில முக்குங்க, புடிச்சிக்கும். இதே வித்த மலிவு பூரானுக்கும் வேல செய்யும், நேரா குச்சி மாதிரி இருக்கிறத பாம்பு மாதிரி நெளிய வைக்கலாம்.

வார்ஹாமர்னு வேற ஒரு மினியேச்சர் கேம் இருக்கு, அதோட கடைய மறந்துடாதீங்க. வெல ஜாஸ்தி, ஒத்துக்குறேன், ஆனா டைரனிட் படை முழுக்க பூச்சியும் கொடுக்கும்தான், கேயாஸ் ஸ்பான்னு ஒரு பெட்டி இருக்கு, எந்த கை எங்க மொளச்சிருக்குன்னே தெரியாது, அபரேஷன் (வேத்து உலக கோர உருவம்) வகைக்கு அத விட நல்லது கெடையாது. அந்த கேம் ஆடுறவங்க கிட்ட மிச்சம் மீதி பிளாஸ்டிக் துண்டு ஒரு டப்பா இருக்கும், ஒரு தே தாரிக் வாங்கி குடுத்து கேட்டு பாருங்க.

வெளிநாட்டுலருந்து ஆன்லைன்ல எடுக்குறவங்களுக்கு, 2024 ஜனவரி 1-லருந்து 500 வெள்ளிக்கு உட்பட்ட எறக்குமதி சாமானுக்கும் 10 சதவீதம் விற்பனை வரி உண்டு, வெலைய பாக்கும்போது அதையும் தபால் செலவையும் சேத்து பாருங்க. ஒரே ஒரு சிலந்திக்கு அமெரிக்காவுலருந்து பார்சல் போடாதீங்க, நாலு பேரு சேந்து ஒரே ஆர்டர் போட்டா தபால் காசு பிரியும்.

தேடுற வார்த்தை

இத நடுவுல சொல்றேன், ஆனா பாதி வெற்றி இதுலதான். மான்ஸ்டர்னு தேடாதீங்க, ரூல் புக்ல இருக்கிற வகை பேர போட்டு தேடுங்க, மொத்தம் 14 வகை இருக்கு, அதுல நமக்கு வேண்டியது ஊஸ், அபரேஷன், பிளாண்ட், எலிமெண்டல், பீஸ்ட், மான்ஸ்ட்ராசிட்டி. வகைய போட்டதும் ஓர்க் கும்பல் காணாம போயிடும். ரெண்டாவது, சில பேரு விசார்ட்ஸ் கம்பெனிக்கு மட்டும் சொந்தம், மத்த கம்பெனி அந்த பேர்ல விக்க முடியாது, அதனால பிஹோல்டர்னு தேடுனா வராத சாமான் ஐ பீஸ்ட், ஐ டைரண்ட்னு தேடுனா வரும். மூணாவது, பொம்மை கடைக்கு ஏத்த மாதிரி மலாய்லயும் தேடி பாருங்க, மைனான் செராங்கா (பூச்சி பொம்மை), மைனான் லாபா லாபா (சிலந்தி பொம்மை), விளையாட்டு சாமான் விக்கிறவங்க அப்படித்தான் போடுவாங்க, வெலையும் பாதி.

3டி பிரிண்ட்

சொந்தமா ரெசின் பிரிண்டர் வாங்குறத இங்க சொல்லப்போறதில்ல, அது தனி கத, கையுறை, ஆல்கஹால், நாத்தம், பிளாட் வீட்ல அம்மா கிட்ட பேச்சு எல்லாம் இருக்கு. பிரிண்ட் பண்ணி குடுக்குறவங்க கிள்ளான் பள்ளத்தாக்குல நெறைய பேர் இருக்காங்க, கரோசல்லயும் ஷாப்பிலயும் தேடுனா மாட்டும். அவங்க கிட்ட கேக்க வேண்டியது இதுதான்: அடித்தட்டு எத்தன மில்லிமீட்டர் (ஒசரம் கேக்காதீங்க, மான்ஸ்டருக்கு ஒசரம் ஒண்ணும் சொல்லாது), எந்த ரெசின், உள்ள காலியா இருக்கா, காலியா இருந்தா ஓட்ட வச்சிருக்காங்களா.

கடைசி கேள்வி ஏன்னா நான் அனுபவிச்சேன். ஒருத்தர் கிட்ட பர்ப்பிள் வோர்ம் ஒண்ணு எடுத்தேன், ஒரு சாண் ஒசரம், பாக்க அவ்ளோ ஜோர். நாலு மாசம் கழிச்சி அலமாரியில வச்ச எடத்துல தானா வெடிச்சி பக்கவாட்டுல பொளந்து உள்ளருந்து பிசின் மாதிரி ஒழுகி கீழ இருந்த ரூல் புக்ல ஒட்டிக்கிச்சு. உள்ள மாட்டுன காயாத ரெசின் அது, வெளிய வர ஓட்ட இல்ல, கழுவவும் இல்ல. அதனால பெரிய உருவம்னா அடியில ஓட்ட கட்டாயம், உள்ளயும் கழுவி லைட் காட்டி காய வச்சிருக்கணும். கையில வந்ததும் தொட்டு பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா வெறுங்கையால புடிக்காதீங்க, கையுறை போட்டு வெயில்ல வச்சிட்டு அப்புறம் தொடுங்க.

மெல்லிசு காலும் நீட்டு கொடுக்கும் சாதா ரெசின்ல ஒடஞ்சிக்கிட்டே இருக்கும், டஃப் ரெசின் இல்லனா கொஞ்சம் வளையிற ரெசின் கலந்து அடிக்க சொல்லுங்க, காசு கொஞ்சம் கூட ஆனாலும் சிலந்தி எட்டு காலோட இருக்கும். இன்னொண்ணு, சிற்பம் செஞ்சவங்க கிட்ட லைசன்ஸ் வாங்கி பிரிண்ட் பண்ணி விக்கிறவங்களும் இருக்காங்க, எங்கயோ எறக்குன ஃபைல அடிச்சி விக்கிறவங்களும் இருக்காங்க. கேளுங்க, லைசன்ஸ் இருக்கிறவங்க தயங்காம காட்டுவாங்க. இல்லனா மைமினிஃபேக்டரி மாதிரி வெப்சைட்ல நீங்களே ஃபைல வாங்கி, இந்தாங்க அடிச்சி குடுங்கன்னு குடுக்கலாம், இலவச ஃபைலும் கெடக்கு.

அடித்தட்டும் பெட்டியும்

பொம்மையா இருந்தது மான்ஸ்டரா மாறுறது அடித்தட்டுலதான். இரும்பு சாமான் கடையில பெரிய வாஷர் கேளுங்க, 25, 50 மில்லிமீட்டர் சுமாரா இருக்கிறதா, எவர்சில்வர் வேணாம், சாதா இரும்பு, காந்தம் ஒட்டணும். எபோக்சில பொம்மைய ஒட்டி, சுத்தி வெள்ள பசை பூசி, மணல் தூவுங்க, மீன் தொட்டி மணல் ஒரு பாக்கெட் வாங்குனா வருசத்துக்கும் வரும். ஹீரோவோட அடித்தட்டுல போட்ட அதே மணல், அதே கலர் இதுக்கும் போடணும், அப்பத்தான் ரெண்டும் ஒரே குகையில நிக்கிற மாதிரி இருக்கும். நீளமான பூரான் வட்டத்துல அடங்கலனா கத்தியால மூணு துண்டா வெட்டி, தலைய ஒரு பக்கம், நடு ஒடம்ப வில்லு மாதிரி வளச்சி நடுவுல, வால ஓரத்துல ஒட்டுங்க, மண்ணுக்குள்ள பூந்து பூந்து வர்ற மாதிரி ஆயிடும், வெட்டுன எடத்த மணல் மூடிடும்.

எடுத்துட்டு போறதுக்கு தகர பிஸ்கட் டின். அடியில இரும்பு வாஷர் இருக்கிறதால டின்னுக்குள்ள காந்த ஷீட் ஒண்ணு வெட்டி ஒட்டிட்டா எல்லாம் நின்ன எடத்துலயே நிக்கும், எல்ஆர்டில நசுங்குனாலும் ஒண்ணும் ஆகாது. கார்ல மட்டும் வுட்டுட்டு போகாதீங்க, மத்தியான வெயில்ல பிவிசி எல்லாம் தொவண்டு போயிடும், என் ஆக்டபஸ் அப்படித்தான் அடித்தட்டுல கவுந்து படுத்துக்கிச்சு, சுடுதண்ணில போட்டு எழுப்புனேன். அப்புறம் டின் மேல பெருசா பேர் எழுதி ஒட்டுங்க. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்க பாட்டி முறுக்கு வைக்க டின் தேடி என்னோடத தொறந்துட்டாங்க.